கூரை மழையைத் தோட்டத்துக்குத் திருப்புவது எப்படி: மட்டக்களப்பு மணலுக்கேற்ற முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு கல்லடியில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கிடக்கும் மணல் திட்டில் எங்கள் வளவும் கிணறும். மார்கழியில் குனிந்து வாளியை விட்டாலே தண்ணீர் கைக்கு வந்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அதே கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய், வாயில் வைத்தால் கரிக்கும். முருங்கையும் தென்னையும் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மிளகாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், இலையின் ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகி உள்பக்கமாகச் சுருளும். ஒரு ஆடியில் அம்மா இருபத்தைந்து மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கி வேலியோரம் போட்டுவிட்டு, "மகன், இந்தத் தண்ணிக்கு மிளகாய் நிக்காது" என்று சொன்னார். நான் கூரையைப் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு மூன்று மாரி கண்டாயிற்று. இரண்டு தரம் பிழையாகக் கட்டி, கழற்றி, திரும்பக் கட்டிய அமைப்பு இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஏறாவூரிலோ களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ திருக்கோவிலிலோ மணல் வளவில் இருப்பவர்களுக்கு இதில் அநேகமாக எல்லாமே பொருந்தும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் களிமண் உள்ளவர்கள் மிகுதித் தண்ணீரை மண்ணுக்குள் விடும் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தோட்டத்துக்கான தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம். கூரையில் காகம் எச்சமிடும், பூனை திரியும், கடல் காற்று தூசைக் கொண்டுவந்து படியவைக்கும். குடிநீருக்காகச் சேர்ப்பதற்கு வேறு வடிகட்டலும் வேறு கவனமும் வேண்டும்.

கூரையை அளந்த பிறகு கடைக்குப் போங்கள்

காத்தான்குடியில் நான் சாமான் வாங்கும் கடைக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் நாள் போய், "காக்கா, மழைத்தண்ணி பிடிக்கிறதுக்கு ஒரு செட் சாமான் தாங்க" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தம்பி, கூரைய அளந்துபோட்டு வாங்க, பொறகு பைப் எடுக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னதுதான் சரி. கூரையின் அளவு தெரியாமல், கூரை ஓரத்தில் தண்ணீரை ஏந்தும் பீலியின் அகலமோ குழாயின் பருமனோ பரல் எத்தனை என்பதோ சொல்ல முடியாது.

அளப்பது சுலபம். கூரையில் ஏற வேண்டாம். கூரை எவ்வளவு நிலத்தை மூடி நிற்கிறது என்பதைக் கீழே நின்று நாடாவால் அளந்தால் போதும், சரிவைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பின்பக்கச் சரிவு 25 அடி நீளம், 11 அடி அகலம். பெருக்கினால் 275 சதுர அடி, அதை 10.76 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்.

இனி ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். தெறிப்பது, ஆவியாவது, கூரை உறிஞ்சுவது என்று சீட், ஓடு, தகரம் போன்ற கூரைகளில் 15 சதவீதம் அளவில் கழித்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் 10 மில்லிமீற்றர் மழைக்கு எங்கள் பின்பக்கக் கூரை மட்டும் 25 × 10 × 0.85, அதாவது 212 லீற்றர் தரும். ஒரு பெரிய நீலப் பரல் நிரம்பிவிடும். மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அந்தக் கணக்கில் வருடம் முழுவதும் பின்பக்கக் கூரையிலிருந்து மட்டும் 34,000 லீற்றர்.

இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கையோடு அடுத்ததையும் பார்க்க வேண்டும். அந்த மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அப்போது தோட்டத்துக்குத் தண்ணீரே தேவைப்படாது. தேவைப்படும் ஜூன், ஜூலையில் பெய்வது மிகச் சொற்பம்.

நாலைந்து பரல் வைத்தால் கோடையைக் கடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்துச் சதுர மீற்றர் மரக்கறிப் பாத்திக்கு நம் வெயிலில் ஒரு நாளைக்கு 40, 45 லீற்றர் போகும். மூன்று பரலில் உள்ள 600 லீற்றர் பதின்மூன்று முதல் பதினைந்து நாளில் முடிந்துவிடும். அப்படியென்றால் எதற்கு இந்த வேலை? எனக்கு மூன்று காரணம் உண்டு. நாற்றும் உரப்பையில் வைத்த மிளகாயும் உவர்த் தண்ணீரில் சாகாமல் இருக்க, நாளைக்கு 20 லீற்றர் நல்ல தண்ணீர் கையில் இருந்தால் போதும், அதற்கு 600 லீற்றர் ஒரு மாதம் வரும். சித்திரையிலும் இடையிடையேயும் பெய்யும் இடிமழை ஒவ்வொன்றும் பரலை மறுபடி நிரப்பித் தரும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிது: பரல் நிரம்பி வழியும் தண்ணீரை வீதிக்கு விடாமல் நம் மணலுக்குள்ளேயே இறக்கலாம். நம்மிடம் உள்ள ஆகப் பெரிய தாங்கி அந்த மணல்தான். அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பணமும் இடமும் உள்ளவர்கள் 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி வைக்கலாம். கம்பிவலையும் சீமெந்தும் கொண்டு கட்டும் 5,000 லீற்றர் பெரோசீமெந்துத் தாங்கியும் நல்லது, ஆனால் அதற்குத் தெரிந்த மேசன் பாஸ் வேண்டும். நான் இங்கே எழுதுவது வீட்டில் இருவர் சேர்ந்து இரண்டு சனி, ஞாயிறுக்குள் முடிக்கக்கூடிய மூன்று பரல் அமைப்பு.

எந்தக் கூரை, எந்தப் பரல்

ஓடு, தகரம், அஸ்பெஸ்டஸ் சீட் எதிலிருந்தும் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கலாம். அஸ்பெஸ்டஸ் என்றால் அதைத் துளைக்கவோ வெட்டவோ பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவவோ கூடாது, அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கேடு. பீலியைச் சீட்டில் தொங்கவிடாமல் மரத்தில் பூட்டுங்கள். கிடுகுக் கூரையிலிருந்து வரும் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருக்கும், தும்பும் தூசியும் நிறைய, பரலில் வைத்தால் நாறிவிடும். அதைச் சேர்க்காமல் நேரே வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடுவது நல்லது.

பரல் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பூச்சிமருந்து, பெயின்ட், பசை, இயந்திர எண்ணெய் இருந்த பரல் எத்தனை தரம் கழுவினாலும் சரிவராது. தேங்காய் எண்ணெய், பழச்சாறு, ஊறுகாய் போன்ற உணவுச் சாமான் வந்த பரல்தான் வேண்டும். வாங்கு முன் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். முழு மூடியும் கழன்று வளையம் போட்டு இறுக்கும் வகை ஆகச் சுகம், உள்ளே கை விட்டு நட் இறுக்கலாம், வருடத்துக்கு ஒரு தரம் தேய்த்துக் கழுவலாம். வெள்ளைப் பரல் மலிவாகக் கிடைத்தாலும் வெளிச்சம் உள்ளே போய் ஒரு மாதத்தில் பாசி பிடிக்கும். அதுதான் கிடைத்தது என்றால் வெளியே கறுப்பு பெயின்ட் இரண்டு கை அடித்துவிடுங்கள்.

அடித்தளத்தில் அவசரப்படாதீர்கள்

என் முதல் பிழை இங்கேதான். பரலை மணலில் நான்கு கல் வைத்து அதன்மேல் நிறுத்திவிட்டேன். காலிப் பரல் அசையாமல் நின்றது. அன்றிரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் பீலித் தண்ணீர் தெறித்துத் தெறித்து ஒரு கல்லின் கீழ் இருந்த மணலை அரித்திருந்தது, அந்தக் கல் ஒரு கையகலம் புதைந்து, பரல் சாய்ந்து வீழ்ந்து, டாப் பொருத்திய இடம் வாய் கிழிந்து கிடந்தது. மணலில் பரல் உருண்ட தடம் கிணற்றுக்கட்டு வரை போயிருந்தது. அந்த வழியில் யாராவது நின்றிருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பரல் நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல். மூன்று என்றால் 600 கிலோவுக்கு மேல்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஏழரை அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் அரை அடி ஆழத்துக்கு மணலைத் தோண்டுங்கள். தண்ணீர் ஊற்றி நனைத்து, கட்டையால் நன்றாக இடித்து இறுக்குங்கள், ஒரு நாள் விட்டுத் திரும்பவும் நனைத்து இடியுங்கள். காய்ந்த மணலை எவ்வளவு இடித்தாலும் இறுகாது, நனைந்த மணல்தான் இறுகும். அதன்மேல் உடைந்த கல்லும் சீமெந்தும் கலந்து மூன்று அங்குலத் தட்டு போட்டு, அது காய்ந்ததும் சீமெந்துக் கல்லை மாற்றி மாற்றி அடுக்கிச் சாந்து பூசி இரண்டு அடி உயரத்துக்கு மேடை கட்டுங்கள். இரண்டு அடி ஏன் என்றால், வாளியும் பூவாளியும் டாப்புக்குக் கீழே நிற்க வேண்டும், ஹோஸில் தண்ணீர் தானாக ஓட வேண்டும். மேடையின் மேற்பரப்பு மூன்று பரலுக்கும் ஒரே மட்டமாக இருக்க வேண்டியது முக்கியம். நீண்ட டியூப்பில் தண்ணீர் விட்டு இரு முனையிலும் மட்டம் பாருங்கள். வெள்ளம் வரும் தாழ்ந்த வளவு என்றால், போன வெள்ளம் சுவரில் விட்ட அடையாளத்துக்கு மேலே மேடை வரும்படி பாருங்கள், காலிப் பரல் வெள்ளத்தில் மிதந்து போய்விடும்.

பீலி

கடையில் விற்கும் பீலி நல்லதுதான். செலவைக் குறைக்க நினைத்தால் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பீலியாக்கலாம். ஒரு சதுர மீற்றர் கூரைக்கு ஒரு சதுர சென்ரிமீற்றர் பீலி வாய் என்ற கணக்குக்கு, பாதிக் குழாயில் 43 சதுர சென்ரிமீற்றர் வரும், 25 சதுர மீற்றர் கூரைக்கு அது தாராளம். நம் ஊர் மழை பெய்யும்போது வெறித்தனமாகப் பெய்யும், எனவே தாராளமாகவே இருக்கட்டும். குழாயின் இருபக்கமும் சுண்ணாம்பு நூல் அடித்துக் கோடு போட்டுக்கொண்டு, ஒருவர் பிடிக்க மற்றவர் அறுக்க வேண்டும்.

சிலர் குழாயைப் பிளக்காமல் ஒரு பக்கம் மட்டும் கீறி, சீட்டின் விளிம்பைக் கீறலுக்குள் செருகிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், மழைத்தண்ணீர் வெளியே தெறிக்காது. ஆனால் உள்ளே வேப்பிலையும் முருங்கைச் சருகும் அடைந்தால் கழுவ வழி கிடையாது. மரம் பக்கத்தில் இல்லாத வீட்டுக்கு மட்டும் அது சரி.

வலன்ஸ் போட் என்று பாஸ்மார் சொல்லும் கூரை ஓரப் பலகையில் இரண்டரை அடிக்கு ஒன்றாகத் தாங்கிக் கம்பியை ஆணியில்லாமல் ஸ்குரூவால் பூட்டுங்கள். பத்து அடிக்கு ஒரு அங்குலம் சரிவு இருந்தால் போதும். எங்கள் 25 அடிப் பீலிக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டரை அங்குலம். நூல் கட்டிச் சரிவு பார்த்த பிறகே கம்பிகளைப் பூட்டுங்கள், கண்ணை நம்பினால் நடுவில் குழி விழும், அந்தக் குழியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும். சீட்டின் விளிம்பு பீலியின் உள்ளே மூன்றில் ஒரு பங்கு வரை நீட்டிக்கொண்டிருக்கட்டும். வேலை முடிந்ததும் உயர்ந்த முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கடைசிச் சொட்டு வரை இறங்கி ஓட வேண்டும்.

முதல் தண்ணீரைக் கழிக்கும் குழாய்

இந்த அமைப்பில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி இது. பலர் தேவையில்லை என்று விட்டுவிடும் பகுதியும் இதுதான்.

பல நாள் காய்ந்த கூரையில் மழை விழுந்தால் முதலில் ஓடி வருவது எச்சமும் தூசும் உப்பும் செத்த பூச்சியும் கலந்த கறுத்த தண்ணீர். ஒரு தரம் அதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்துப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் அடியில் ஒரு விரல் தடிப்புக்குச் சேறு படிந்தது. அதே மழையில் பத்து நிமிடம் கழித்துப் பிடித்த போத்தலில் ஒன்றுமே படியவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கச் செம்பரத்தைப் பூ தெளிவாகத் தெரிந்தது. அந்த முதல் தண்ணீர் பரலுக்குள் போகாமல் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சதுர மீற்றருக்கு அரை லீற்றர் கழித்தால் ஓரளவு சுத்தமான கூரைக்குப் போதும். எங்களுக்கு 12, 13 லீற்றர். 110 மில்லிமீற்றர் குழாய் ஒரு மீற்றருக்கு எட்டரை லீற்றர் பிடிக்கும், ஆக ஒன்றரை மீற்றர், அதாவது ஐந்து அடித் துண்டு சரியாக வருகிறது. பீலியிலிருந்து 90 மில்லிமீற்றர் குழாயைக் கீழே இறக்கி, பரல் வாய்க்கு அரை அடி மேலே மூன்று வாயுள்ள டீ (T) இணைப்பு ஒன்றைப் பொருத்துங்கள். டீயின் கீழ்வாயில் இந்த ஐந்து அடிக் குழாய் தொங்கட்டும், பக்கவாயிலிருந்து 63 மில்லிமீற்றர் குழாய் பரலுக்குப் போகட்டும். மழை தொடங்கியதும் தண்ணீர் முதலில் நேரே கீழ்க்குழாய்க்குள் விழும். அது நிரம்பிய பிறகுதான் பக்கவாய்க்குத் திரும்பும். கீழ்முனையில் கழற்றக்கூடிய மரைமூடி போட்டு, அதில் 2 மில்லிமீற்றர் துளை ஒன்று இடுங்கள். மழை விட்ட பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் குழாய் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அந்தத் துளை அடைபடும், நிச்சயமாக அடைபடும். எனவே பெருமழை ஒவ்வொன்றுக்கும் பிறகு மூடியைக் கழற்றிச் சேற்றைக் கொட்டிவிடுங்கள். மூடிக்குப் பசை ஒட்டாதீர்கள். அந்தக் குழாய் நிரம்பினால் 13 கிலோ, அதையும் சுவரில் இரண்டு இடத்தில் கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

பரல்களைப் பொருத்துவது

டாப்புக்கான துளையைப் பரலின் அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே போடுங்கள், படியும் சேறு அதற்குக் கீழே கிடக்கும். வட்டம் வெட்டும் டிரில் பிளேட் இருந்தால் சுத்தமாக வரும். இல்லாவிட்டால் பொருத்தப் போகும் மரையின் பருமனைவிடச் சற்றுச் சிறிய இரும்புக் குழாயை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி அழுத்தினால் வட்டமாக உருகி விழும். அதை வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை கூடாது. பிறகு தாங்கிகளுக்கென்று விற்கும் டேங்க் நிப்பிளை உள்ளும் புறமும் ரப்பர் வாசர் போட்டு இறுக்குங்கள். மரையில் சீல் டேப் பத்துச் சுற்று. முக்கால் அங்குலத்தைவிடச் சிறிய டாப் வைத்தால் பூவாளி நிரம்புவதற்குள் பொறுமை போய்விடும்.

மூன்று பரலையும் அடியில் ஒரு அங்குலக் குழாயால் இணைத்தால் எல்லாவற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு ஏறும், இறங்கும். மேடை மட்டமாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு பரலுக்கும் நடுவே ஒரு வால்வு வையுங்கள், ஒன்று வெடித்தால் மற்றவற்றின் தண்ணீர் தப்பும்.

வழியும் குழாயைக் கடைசிப் பரலில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எனது இரண்டாவது பிழை அது. அடியிலுள்ள ஒரு அங்குலக் குழாய் பெருமழையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அடுத்த பரல்கள் நிரம்பும் முன்பே முதல் பரல் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, மேடையின் பக்கத்து மணலை அரித்துவிட்டது. இப்போது மழைத்தண்ணீர் வந்து விழும் முதல் பரலிலேயே, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே 63 மில்லிமீற்றர் வழிகுழாய் இருக்கிறது. உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் சிறிதாக இருக்கவே கூடாது. மற்ற இரண்டு பரல் மூடியிலும் காற்றுப் போக ஒரு சின்னத் துளையிட்டு வலை ஒட்டுங்கள்.

நுளம்பு

டெங்கு வந்து ஆட்களை இழந்த மாவட்டம் இது. மழைத்தண்ணீர் சேர்ப்பவர் நுளம்பு வளர்க்காமல் இருப்பது அயலவருக்குச் செய்ய வேண்டிய கடமை. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும், அதனால் பரலைக் காலியாக்கி வைத்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தண்ணீர் போகும் வாய், வழியும் வாய், காற்றுத் துளை எல்லாவற்றுக்கும் நுளம்பு வலை. ஜன்னலுக்கு அடிக்கும் துருப்பிடிக்காத கம்பிவலை ஆகத் திறம், நைலோன் வலை ஒரு கோடையில் வெயிலுக்குப் பொடிந்துவிடும். மூடி தளர்ந்து ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் நுளம்பு உள்ளே போகும். வாரத்துக்கு ஒரு நாள், எங்கள் வீட்டில் ஞாயிறு காலை, ஒரு கிளாசில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். துள்ளும் குடம்பி (நுளம்புப் புழு) ஒன்று தெரிந்தாலும் அந்தத் தண்ணீரைக் காய்ந்த மணலில் ஊற்றிவிட்டு வலையில் ஓட்டை எங்கே என்று தேடுங்கள். தண்ணீர் வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடியை எப்போதும் வளையம் போட்டு இறுக்கி வையுங்கள்.

வழியும் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்புங்கள்

நம் கரையோர மணலுக்குள் நன்னீர், கடலிலிருந்து வரும் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உவர்நீர் சற்றுப் பாரம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது உவரை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள், கோடையில் பம்ப் போட்டு இழுத்து இழுத்து நன்னீர் அரை அடி இறங்கினால் கீழிருந்து உவர் இருபது அடி ஏறி வரப் பார்க்கும். ஆடியில் கிணறு கரிப்பதன் காரணம் இதுதான். 2004 சுனாமியில் கடல் புகுந்து கெட்ட கிணறுகளை மெல்ல மெல்லக் கழுவித் தந்ததும் அடுத்தடுத்த மாரிகள்தான்.

ஆகவே பரல் நிரம்பி வழியும் ஒவ்வொரு லீற்றரையும் வளவுக்குள்ளேயே இறக்குவது கிணற்றுக்குச் செய்யும் உதவி. வழிகுழாயை வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடிக்கு அப்பால் கொண்டுபோய், மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே உடைந்த ஓடும் கல்லும் போட்டு நிரப்புங்கள். மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஐம்பது அடியாவது தள்ளியிருக்கட்டும். வழியும் தண்ணீரை நேரே கிணற்றுக்குள் விடவும் கூடாது, மணல் வழியாக வடிந்து போய்ச் சேரட்டும்.

மார்கழியில் நிலத்தடி நீரே குழி மட்டத்துக்கு ஏறிவிடும் வளவுகள் உண்டு. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்படும் வரை வாவித் தண்ணீர் இறங்காத பக்கங்களில் குழி வெட்டிப் பயனில்லை, தண்ணீர் உள்ளே போகாது. அங்கே வாழை, தென்னை அடியைச் சுற்றி ஆழமில்லாத அகன்ற பாத்தி கட்டி அதற்குத் திருப்புங்கள், பக்கத்து வளவுக்குப் பாயாமல் ஒரு சின்ன வரம்பும் கட்டிவிடுங்கள். களிமண் உள்ள படுவான்கரையிலும் இதே பாத்தி முறைதான் நல்லது.

ஊற்றும் முறை

மேடையில் நிற்கும் பரலிலிருந்து வரும் அழுத்தம் குறைவு. ஒரு மீற்றர் உயரத்துக்கு, அழுத்தத்தை அளக்கும் 'பார்' (bar) கணக்கில் பத்தில் ஒரு பங்குதான். கடையில் விற்கும் சொட்டுநீர்ப் பொத்தான்கள் அநேகமாக ஒரு பார் அழுத்தத்துக்குச் செய்தவை, நம் பரலில் சரியாக வேலை செய்யாது. எனக்கு ஹோஸும் பூவாளியும்தான் ஒத்துவந்தது.

காலை ஏழு மணிக்கு முன் ஊற்றுங்கள், இலையில் படாமல் அடியில். பச்சையாகச் சாப்பிடும் வல்லாரைக்கும் சலாதுக்கும் இந்தத் தண்ணீரைத் தெளிக்க வேண்டாம், பறித்ததைக் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ கழுவுங்கள். கிணறு கரிக்கும் மாதங்களில் நாற்றுக்கும் மிளகாய்க்கும் பயற்றைக்கும் மழைத்தண்ணீர் மட்டும். கத்தரிக்கும் வெண்டிக்கும் நான் மூன்று நாள் கிணற்றுத் தண்ணீர் விட்டு, நான்காம் நாள் மழைத்தண்ணீரை நிறைய விடுகிறேன், வேரடியில் சேர்ந்த உப்பைக் கீழே கழுவி இறக்க. எவ்வளவு ஊற்றினாலும் மணல் குடித்துவிடும் என்பதால் செடியடியில் சருகு மூடாக்கும், பாத்திக்கு அடியில் ஒரு வரிசைப் பொச்சுமட்டையும் இல்லாமல் பரலை நம்பாதீர்கள். மூடாக்குப் போட்ட உரப்பைகளுக்கு நான் ஊற்றும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.

வருடம் முழுவதும்

புரட்டாதியில், பெருமழைக்கு முன், பரலைக் கழற்றி உள்ளே தேய்த்துக் கழுவி, பீலியில் சருகெடுத்து, வலைகளை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காலிப் பரல்களை. 1978 நவம்பரில் இந்த ஊரைப் புரட்டிப்போட்ட சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், தகரமும் ஓடும் பறந்த கதையை அவர்களிடம் கேளுங்கள். பரலில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்து, நைலோன் கயிற்றால் மேடையோடு கட்டிவிடுங்கள். மார்கழியில் தண்ணீர் தேவையில்லை என்று டாப்பைத் திறந்துவிடாமல், வாரம் ஒரு தரம் அரைப் பரல் எடுத்து ஊற்றிப் புதுத் தண்ணீர் ஏற விடுங்கள், நாற்றம் வராது.

தை கடைசியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மழை விட்டுவிட்டுப் பெய்யும் அந்த நாட்களில் ஒவ்வொரு மழைக்கும் பிறகு கழிப்புக் குழாய் மூடியைக் கழற்றிப் பூட்டி, மூன்று பரலும் விளிம்பு வரை நிரம்பியபடி மாசிக்குள் போக வேண்டும். அதன் பிறகு நடு வால்வுகளை மூடிவிட்டு ஒவ்வொரு பரலாகப் பாவியுங்கள். காலியான பரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், சித்திரை இடிமழை இருட்டிக்கொண்டு வரும்போது நிமிர்த்தி மேடையில் வைத்துக் குழாயைப் பூட்டப் பத்து நிமிடம் போதும்.